பரீட்சைக்குப் போகும் நெஞ்சு

பிப்ரவரி 3, திங்கள்

கடையைத் திறந்து நகல் இயந்திரம் சூடாவதற்குள் இஸ்திரி வந்து நின்றுவிட்டார். எதிரே இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். இஸ்திரி என்பது நான் வைத்த பெயர். கோட்டில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் அன்றைக்கு வார்டுப் பக்கம் தலை காட்ட மாட்டார். பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்த அன்று எனக்கு அங்கே வைத்தியம் நின்றுவிடும்.

"அண்ணே, பதினெட்டாம் தேதி பிராக்டிகல். வந்துடுவீங்கல்ல?"

"நான் இல்லாம எப்படி? கேள்வித்தாள் இல்லாம பரீட்சை வைப்பீங்களா?"

சிரித்தார். உண்மையும் அதுதான். இருபது வருஷமாக நான் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள். என் இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வால்வு பிறவியிலேயே கோணல். கதவு முழுக்கத் திறக்காது. அந்த இடுக்கில் ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது ஒரு சத்தம் வரும். அதற்கு வைத்தியப் புத்தகத்தில் முணுமுணுப்பு என்றே பெயர். வீட்டில் ஒன்று, நெஞ்சுக்குள் ஒன்று என்று இரண்டு முணுமுணுப்போடு குடித்தனம் நடத்துகிறவன் நான்.

ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் காது கிழியும் என்பதால் கல்லூரியில் எனக்கு 'நல்ல கேஸ்' என்று பெயர். என்னை நல்லது என்று சொன்ன ஒரே இடம். விடுவேனா?

பிள்ளைகளுக்கு நான் வால்வு அங்கிள். பரீட்சை அன்று ஒவ்வொருவரையும் என்னோடு தனியாக விடுவார்கள், சோதித்துக் கண்டுபிடி என்று. முகம் வெளிறி, கை சில்லிட்டு வருவார்கள். நெஞ்சில் அந்தச் சில்லென்ற கை பட்டதும் எனக்குப் பாவமாகிவிடும். "பயோட்டிக் வால்வு, சுருக்கம், நடுத்தரம். முணுமுணுப்பு பலம். கழுத்து வரைக்கும் ஏறும்" என்று காதில் போட்டுவிடுவேன். பயோட்டிக் இல்லை, அயோட்டிக் என்று திருத்திக்கொள்கிற அளவுக்கு அவர்கள் படித்திருப்பார்கள். பாஸாகிப் போய் கேட்டில் நின்று கையசைப்பார்கள். புண்ணியம்தானே.

பிப்ரவரி 6, வியாழன்

ஆய்வேட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு பைண்டிங் அறைக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்றேன். எதையோ மறந்துவிட்டுத் திரும்பலாமா என்று யோசிப்பதுபோல் மோவாயைத் தடவிக்கொண்டேன். படியில் வேறு யாரும் இல்லை. அப்புறம் யாருக்காக நடித்தேன்?

பிப்ரவரி 8, சனி

இவளிடம், அதாவது வீட்டு முணுமுணுப்பிடம், மாட்டிக்கொண்டேன். படியில் நிற்பதைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறாள்.

"ஏங்க, எதிர்லதான ஆஸ்பத்திரி. ரோட்டைத் தாண்டி ஒரு சீட்டு போட்டுக் காட்டிட்டு வந்தா என்ன? உங்க காலு தேஞ்சா போயிடும்?"

"வருஷா வருஷம் முப்பது டாக்டர் நெஞ்சுல கை வெக்கிறாங்க. பணக்காரனுக்குக் கூட ரெண்டு பேருதான் வெப்பாங்க. எனக்கு எதுக்குடி ஓ.பி. சீட்டு?"

"அவங்க டாக்டரா? டாக்டருக்குப் படிக்கிற பசங்க."

"பக்கத்துல பெரிய டாக்டர் நிக்கிறாரே."

பெரிய டாக்டர் என்றால் பேராசிரியர். இளைஞனாக நான் ரத்தம் கொடுக்கப்போன இடத்தில் நெஞ்சில் காதை வைத்து, என் கோணல் வால்வைக் கண்டுபிடித்தவர். இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். அவர் பெயரைச் சொன்னால் இவள் அடங்கிவிடுவாள். இன்று அடங்கவில்லை. நாள் முழுக்க ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தத்தோடு சேர்ந்து முணுமுணுத்தாள். பின் அடித்தது காகிதத்தில்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தது எப்போது? மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால். அவளுக்கு இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்லூரியின் வரலாற்றுச் சுவருக்காகப் பழைய படங்களைப் பெரிது பண்ணும் வேலை வந்தது. மதியம் முழுக்க அதுதான்.

முதல் படம் ஒரு குதிரை லாயம். கொள்ளைநோய் வந்தபோது ஊர் ஒதுக்கியவர்களை அதில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதுதான் ஆஸ்பத்திரியின் ஆரம்பம். அப்புறம் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். அப்புறம் முதல் வகுப்பு: விறைப்பான கழுத்துப்பட்டையோடு ஒரு கூட்டம், ஓரத்தில் ஒரே ஒரு பெண், அவள் மட்டும்தான் கேமராவைப் பார்க்கிறாள். வெள்ளம் வந்த வருஷம் படகில் கட்டில். போர்க்காலத்தில் வராந்தாவில் பாய். சம்பளம் நின்ற காலத்திலும் கதவு மூடியதில்லை என்று குறிப்பு. இங்கே படித்துவிட்டு எந்தெந்தக் காட்டுக்கும் மேட்டுக்கும் போய் மருத்துவமனை நடத்தினார்கள் என்று ஒரு வரைபடம். இன்றைக்கும் விடியற்காலையில் கேட்டில் நிற்கிற வரிசையைப் பார்த்தால், பாதி நாடு அங்கேதான் பிறந்தது, மீதி அங்கேதான் சாகப்போகிறது என்று தோன்றும்.

ஒன்று கவனித்தேன். எல்லாப் படத்திலும் நடுவில் ஒருத்தன் படுத்திருக்கிறான். சுற்றி டாக்டர்கள். கீழே இடமிருந்து வலமாக எல்லார் பெயரும் பட்டத்தோடு இருக்கிறது. படுத்திருப்பவனுக்கு மட்டும் பெயர் கிடையாது.

பெரிய டாக்டர் ஒருமுறை வகுப்பில் என்னைக் காட்டிச் சொன்னார்: "இங்க நீங்க சல்லிக்காசு கொடுக்காமப் படிக்கிறீங்க. உங்க ஃபீஸை இவரு கட்டுறாரு. உடம்பால." எனக்கு அன்று தோள் ஒரு சாண் உயர்ந்தது.

இன்று அந்தப் படுத்திருப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிது பண்ணப் பண்ண முகம் புள்ளிபுள்ளியாகச் சிதறிப்போகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

பரீட்சைக் காய்ச்சல். கடையில் நிற்க இடமில்லை. ஒவ்வொருத்தனும் அடுத்தவன் குறிப்பை நகல் எடுக்கிறான். அந்த அடுத்தவன் யாருடையதை எடுத்தான் என்று தேடிக்கொண்டே போனால் சீனியர்களின் சீனியர்களில் போய் முடியும். தன் குறிப்பைத் தானே எழுதி, தானே எடுத்துப்போகிறவள் ஒருத்திதான். அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்திருக்கிறேன். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட எடைபோட்டுவிட்டுத்தான் பதில் வரும்.

"கவலைப்படாதம்மா. என்கிட்ட வந்தா பாஸ்" என்றேன்.

யோசித்தாள். "உங்ககிட்ட வராம இருந்தா நல்லது அங்கிள்" என்றாள். சிரிப்பு வரவில்லை, அவளுக்கும் எனக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

பரீட்சைக்கு வருகிற நாங்கள் ஒருவரை ஒருவர் உறுப்பைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் வால்வு. இன்னொருவர் நரம்பு. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் எப்போதும் மண்ணீரல். அது இடுப்பு வரை வீங்கிக் கிடக்கும், தொட்டதும் சிக்கிவிடும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நானும் அவரும் பரீட்சை நடுவே பேசிச் சிரித்து வெளியே போகச் சொல்லப்பட்டிருக்கிறோம். நோயாளியைப் பரீட்சை அறையை விட்டு வெளியேற்றியது இந்தக் கல்லூரி வரலாற்றிலேயே எங்களைத்தான்.

இன்று மதியம் அவர் மனைவி கடைக்கு வந்தார். "அண்ணா, இதுல மூணு காப்பி எடுங்க."

கண்ணாடிமேல் வைத்து மூடியைச் சாத்தி, பச்சை வெளிச்சம் ஓடி, தாள் வெளியே வந்த பிறகுதான் படித்தேன். இறப்புச் சான்றிதழ். கிழிந்த சட்டையும் வாய் நிறையச் சிரிப்புமாக இருந்தவருக்கு அவ்வளவு நீளமான பெயர் இருந்தது என்று இன்றுதான் தெரியும்.

"எப்பம்மா?"

"போன மாசம்ணா. வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு. பரீட்சை வருதே, அப்ப எல்லாரும் பாப்பாங்க, அப்ப கேட்டுக்கலாம்னாரு."

காசு வாங்கவில்லை. அவர் வற்புறுத்தினார். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதை இவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுதியே தீரவேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒரு கல்லீரல். பேச மாட்டேன் என்கிறார். நான் சட்டையைக் கழற்றி உட்கார்ந்ததும் வழக்கம்போல வரிசை ஆரம்பித்தது. முதல் பையன் வந்தான், போட்டேன் காதில். இரண்டாமவன், போட்டேன். மூன்றாமவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள், அவளுக்கும் போட்டேன். ஒவ்வொருவரும் பெரிய டாக்டர் முன்னால் போய் நின்று "முணுமுணுப்பு பலமாக, கழுத்து வரை" என்று ஒப்பிக்க, அவர் கண்ணை மூடித் தலையாட்ட, வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் மார்க் போட, எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் தராசு.

நான் வாயைத் திறப்பதற்குள், "சொல்லாதீங்க அங்கிள். நானே கேக்கறேன்" என்றாள்.

கேட்டாள். மேலே, கீழே, கழுத்தில், முதுகில், படுக்கவைத்து, உட்காரவைத்து. மணிக்கட்டைப் பிடித்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் முகத்துக்கு நேராக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், மாடி ஏறும்போது மூச்சு வாங்குதா?"

"கடன்காரன் துரத்துனா வாங்கும்."

"மயக்கம் வந்துச்சா எப்பவாவது?"

"கல்யாணத்தன்னிக்கு வந்துச்சு. இன்னும் தெளியல."

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

பரீட்சகர்கள் வந்ததும் நேராகச் சொன்னாள். முணுமுணுப்பு மிக மெலிதாக இருக்கிறது. இதயம் 'லப்' என்கிறது, 'டப்' கேட்கவே இல்லை. நாடி தயங்கித் தயங்கி எழுகிறது. "இது நடுத்தரம் இல்ல சார். ரொம்ப முத்துன நிலை. இவரு இங்க கேஸா உக்காந்திருக்கக் கூடாது. வார்டுல படுத்திருக்கணும்."

வெளியூர்க்காரர் ஃபைலைப் புரட்டினார். "நடுத்தரம்னு போட்டிருக்கே. பலமான முணுமுணுப்புன்னு. காலையிலேர்ந்து எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க?"

"எனக்குக் கேட்டதைச் சொல்றேன் சார்."

பெரிய டாக்டர் எழுந்து வந்தார். ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பிரமாதமா கேக்குது" என்றார். வெளியூர்க்காரர் அவரிடம் படித்தவர். அவரும் சம்பிரதாயத்துக்கு ஒரு நொடி வைத்துவிட்டு, "ஆமாங்க சார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உனக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ உண்டா?"

தராசு என்னைப் பார்த்தாள்.

பாதிப் படி ஞாபகம் வந்தது. அவள் சரியென்றால்—

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. குதிரை மாதிரி இருக்கேன்" என்றேன்.

அவள் ஃபைலை மூடிவைத்துவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

அவள் சொன்னது தப்பென்றால் நான் பிழைத்தேன், அவள் போனாள். சரியென்றால் இரண்டு பேரும் போனோம். நன்றாக இருக்கிறது கணக்கு.

பிப்ரவரி 20, வியாழன்

வந்தாள். கடையில் இவளும் இருந்தாள். தராசு என்னை விட்டுவிட்டு நேராக இவளிடம் பேசினாள்.

"ஆண்ட்டி, நான் ஃபெயிலானதுக்காக வரல. அங்கிளுக்கு ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடுங்க. இந்த வாரமே."

"ஏம்மா, அன்னிக்கு எல்லாரும் நல்லா இருக்குன்னாங்களாமே?" இவள் என்னைப் பார்த்தாள். நான் அப்படித்தான் வந்து சொல்லியிருந்தேன்.

"சத்தம் பெருசா இருக்குன்னாங்க ஆண்ட்டி. எனக்குப் பெருசா கேக்கல."

"சத்தம் குறைஞ்சா நல்லதுதானம்மா?" என்றேன் நான். "இருபது வருஷமா மக்கர் பண்ண கதவு தானா சரியாயிடுச்சு போல. இவளும் ஒருநாள் இப்படி அமைதியானான்னா எவ்வளவு நல்லாயிருக்கும்."

தராசு எடைபோட்டாள். "கதவு சரியாகாது அங்கிள். இடுக்குல தண்ணி பீச்சி அடிக்க வேகம் வேணும். மோட்டார் களைச்சுப் போனாலும் சத்தம் குறையும்."

போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த வாடிக்கையாளர் எல்லாரும் எதுவும் எடுக்காமலே போனார்கள். எங்கள் இருவர் முகமும் அப்படி இருந்திருக்கும்.

பிப்ரவரி 22, சனி

சாயங்காலம் ஷட்டரை இழுக்கக் கையை உயர்த்தினேன். அடுத்து எனக்குத் தெரிவது நடைபாதையின் சிமெண்டு. கன்னத்தில் மண். யாரோ ஒரு ஆட்டோக்காரர், "சார், சார்" என்கிறார். என் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது.

இவள் என் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"வெயில்" என்றேன். சாயங்காலத்தில்.

இவள் என்னைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். வீட்டுக்குக் கூட்டிவந்தாள், காயத்தைத் துடைத்தாள், சாப்பாடு போட்டாள். ஒரு வார்த்தை இல்லை. நான் வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். எடுத்து உலர்த்தினாள். அதற்கும் ஒன்றும் இல்லை.

முப்பது வருஷமாக இவளுடைய சத்தத்தைப் பற்றிக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அது நின்றால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

பிப்ரவரி 23, ஞாயிறு

படுத்தே கிடந்தேன். ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. என்னைப் பற்றியல்ல.

இருபது வருஷம். வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகள் காதில் போட்டிருப்பேன்? அவர்கள் எல்லாரும் இப்போது டாக்டர்கள். அந்த வரைபடத்தில் புள்ளி வைத்த ஊர்களில் எல்லாம் இருப்பார்கள். எதிரே ஒருத்தன் சட்டையைக் கழற்றி உட்கார்ந்திருப்பான். இவர்கள் ஸ்டெதஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்துவிட்டு, அவன் வாயைப் பார்ப்பார்கள்.

நான் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு—

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

ரோட்டைத் தாண்டிப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். இவளும் கூடவே வந்தாள். இஸ்திரி உள்ளே இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: படி, மயக்கம், ஷட்டர், அன்று பொய் சொன்னது. பெரிய டாக்டர் இஸ்திரியை வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். சட்டையைக் கழற்றச் சொல்லி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

நிறைய நேரம் ஆயிற்று. காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா."

"அப்ப அன்னிக்கு பிரமாதமா கேக்குதுன்னீங்களே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வருஷமா எனக்கு மெல்லிய சத்தம் எதுவும் விழறதில்ல. யாருக்கும் சொல்லல. உன்னோடது மட்டும் பலமா இருக்கும், அது விழும். அதனால தைரியமா வருவேன். அன்னிக்கு வெச்சேன், ஒண்ணுமே இல்ல. சரி, மிச்சமிருந்த காதும் போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன் நெஞ்சா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. பசங்க எல்லாம் பலமா கேக்குதுன்னு சொன்னாங்களே."

"அவங்களுக்கு நான்தாங்க சொன்னேன்."

"உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதாங்க."

இவள் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். மூன்று நாளில் முதல்முறையாக வாய் திறந்தாள். "அப்ப இத்தனை வருஷமா யாருமே இவரைக் கேக்கலையா?"

பெரிய டாக்டர் எழுந்து கதவைத் திறந்து, அந்தப் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார். தராசு வந்தாள். என்னைக் காட்டி, "கேளும்மா. கேக்கறதைச் சத்தமாச் சொல்லு, எனக்கு விழணும்" என்றார். அவள் ஒவ்வொரு இடமாக வைத்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தன் கையாலேயே என் ஃபைலில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு வேறொரு தாளை எடுத்தார். அன்றைய பரீட்சை செல்லாது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். காரணம் என்ற இடத்தில் என் பெயரைப் போடவில்லை. "பரீட்சகரின் செவித்திறன்" என்று போட்டார்.

பிப்ரவரி 26, புதன்

எக்கோ எடுத்தாகிவிட்டது. ஆபரேஷன் டாக்டரம்மா சுற்றிவளைக்கவில்லை. வால்வு திறப்பது பேனா முனை நுழைகிற அளவு. அந்த இடுக்கில் தள்ளித் தள்ளி இதயத் தசை தளர்ந்துபோயிருக்கிறது. சத்தம் குறைந்ததற்குக் காரணம் அதுதான்.

"புது வால்வு வெக்கலாம். வெச்சாலும் தசை திரும்பி எந்திரிக்குமான்னு தெரியாது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப பாதிப் பாதி."

"எந்தப் பாதி டாக்டர் நான்?" என்றேன். பழக்கதோஷம்.

அவர் சிரித்தார். பாவம், மரியாதைக்கு. இவள் என் விரலைப் பிடித்திருந்தாள், நெரிப்பது மாதிரி. இங்கேயே செய்கிறார்கள், இலவசமாகவே. வார்டில் படுக்கை போட்டாகிவிட்டது. என் கட்டிலுக்கு மேலே கரும்பலகையில் பெயருக்குப் பதில் வெறும் எண். அந்தக் காலத்துப் படங்களில் நடுவே படுத்திருப்பவனுக்குக் கூரையின் இந்தப் பக்கம்தான் தெரிந்திருக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

பெரிய டாக்டர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தார். என் உதட்டில் விரலை வைத்து, "பேசக் கூடாது" என்றார். ஒவ்வொருவராக வைத்துக் கேட்டார்கள். அன்று என்னிடம் வாங்கிப்போய் ஒப்பித்தவர்களும் இருந்தார்கள்.

"என்ன கேட்டுது?"

"ஒண்ணும் கேக்கல சார்."

"உனக்கு?"

"எனக்கும் கேக்கல சார்."

வரிசையாக அதையே சொன்னார்கள். இவ்வளவு உண்மையை ஒரே நாளில் நான் கேட்டதில்லை. 

மார்ச் 9, ஞாயிறு

நாளைக் காலை. மகள் பேரனோடு வந்திருக்கிறாள். "பயமா இருக்காப்பா?" என்றாள். "எனக்கா? கத்தி பிடிக்கிறவங்க பரீட்சையில என்கிட்ட காப்பியடிச்சவங்களா இருந்தாத்தான் பயம்" என்றேன். அவள் சிரித்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை.

டாக்டரம்மா என்னிடம் படித்தவர் இல்லை. விசாரித்துவிட்டேன்.

இவள் கடைச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பி வராதவன் சாவி மாதிரி இருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

கிட்டத்தட்ட ஒரு வருஷமாக எழுதவில்லை. எழுதும் அளவுக்கு மூச்சு மிஞ்சியதில்லை. மிஞ்சியதை இவளோடு பேசிச் செலவழித்துவிட்டேன்.

இன்று மறுபடியும் பரீட்சை. போன வாரமே இஸ்திரி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். இவள் வேண்டாம் என்றாள். நான் போனேன். மாடிப்படி ஏறமுடியாது என்பதால் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரிய டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். தராசு மறுபரீட்சையில் பாஸாகி இப்போது பயிற்சி டாக்டர். வராந்தாவில் பார்த்தேன், தூக்கமில்லாமல் கண் சிவந்து, கோட்டில் ஆயிரம் சுருக்கம். கால்வீக்கத்தை அழுத்திப் பார்த்து, மாத்திரை சரியாகப் போடுகிறேனா என்று கேட்டுவிட்டு ஓடினாள். பரீட்சைக்கும் இப்போது புது ஏற்பாடு. பழைய ஃபைலை யாரும் பார்ப்பதில்லை. பரீட்சகர்கள் முதலில் தனித்தனியாகக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

என் புது வால்வு கடிகாரம் மாதிரி டிக், டிக் என்கிறது. அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும்.

ஒரு பையன் வந்தான். மெலிந்தவன், கை சில்லென்று இருந்தது. பாவமாக இருந்தது. என் வாயைப் பார்த்தான்.

"அங்கிள், என்னன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"கேளுப்பா."

"கேக்கறேனே அங்கிள். சொல்லுங்க."

"என்னைக் கேக்காதப்பா. நெஞ்சைக் கேளு."

முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் வைத்தான். டிக் சத்தம் கேட்டதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது, கண்டுபிடித்துவிட்டான். எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். எழவில்லை. டிக்கைத் தாண்டி, தளர்ந்துபோன தசை இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நகர்த்தினான். நிறுத்தினான். மறுபடி வைத்தான். என்னை இடதுபக்கம் சாயச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ரொம்ப நேரம் கேட்டான்.

கண்ணைத் திறந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னப்பா கேட்டுச்சு?"

"சார்கிட்ட சொல்றேன் அங்கிள்" என்றான் மெதுவாக. போர்வையை என் நெஞ்சு வரை இழுத்துவிட்டான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

பரீட்சகர்கள் இருந்த மேஜையை நோக்கி நடந்தான். நல்ல பையன். பாஸாகிவிடுவான். நான் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, அவர்கள் எழுந்து வருவதற்காகக் காத்திருந்தேன்.